ஒட்டுப்போட்ட குழாய்

1994 ஆனி 8, புதன்.

தங்கச்சியின் புருஷன் அன்ரன், கடலடியில் தாண்டு கிடக்கும் கப்பலுக்குள் பித்தளை கழற்றப் போய் இரண்டு நாளாகிறது. வள்ளத்திலிருந்து அவனுக்குக் காற்றுப் போகும் குழாயைத் தகரம் வெட்டிவிட்டது. ஆள் உள்ளேதான் கிடக்கிறான். சேமக்காலையில் குழி வெட்டியாயிற்று. நாளை நான் இறங்கி உடலை எடுக்க வேண்டும்.

பின்னேரம் சாமான்களை எடுத்து வைத்தேன். கண்ணாடி, ஈயப் பட்டி, கத்தி, அவனைக் கட்ட ஒரு கயிறு. சிலிண்டரை முதுகில் கட்டினால் கப்பலின் ஓட்டைக்குள் நுழைய முடியாது. மிஞ்சியது, மேலே இழுத்தெடுத்த அவனுடைய அதே குழாய்தான். வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டினேன்.

தங்கச்சி வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்களும் இந்தக் குழாயோடயோ போறியள்?"

"இல்லை பிள்ளை, சிலிண்டரோடதான்."

"அதோட உள்ளுக்க போகேலாதெண்டு அவர் சொன்னவர்."

அவள் குழாயின் ஒரு முனையைப் பொத்தி, ஒட்டிய இடத்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதினாள். குமிழி வந்தது. இன்னொருதரம் ஊதினாள். வந்தது.

வேறு குழாய் இல்லை.