நாற்பத்தொன்றாம் எண் வேம்பு

1963, மார்ச் 12, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே அனல். பின்சக்கரம் பஞ்சர், ஒட்டினேன். சட்டை கறுத்தது.

தாயில்பட்டிச் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனி. முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். நானும் ஞானராஜும் போனோம். இரண்டு வருஷமாக இப்படித்தான்: அத்தை மகன் மரத்தின் மேலே, நான் காகிதத்தின் மேலே. அவன் கோடாலி, வடம். நான் மனு, மரத்தின் நிலை பற்றிய அறிக்கை. தாவரவியல் பட்டத்தால் கண்ட ஒரே பலன்.

கம்பெனி வாசலுக்கு நேராகச் சாலையோரம் ஒரு வேம்பு. அடிமரத்தில் வெள்ளைப் பட்டை, தாரில் 44. சர்க்கார் மரம். அனுமதி இல்லாமல் கிளைகூட ஒடிக்கக் கூடாது. லாரி திரும்ப இடைஞ்சலாம். பட்டுப்போன மரம் என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

மரம் முழுக்கப் பூ. கிளையில் ஐந்து சேலைத் தொட்டில்கள். ஷெட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது. வேலைக்கு வரும் பெண்கள் இங்கே கட்டிவிட்டுப் போகிறார்கள். மணிக்கு ஒருத்தி வந்து ஐந்தையும் ஆட்டிவிட்டு ஓடுகிறாள்.

"பச்சை மரம் ஐயா. எழுத முடியாது."

முதலாளி சிரித்தார். "பச்சைதான் தம்பி. படிச்சவுக நீங்க ஒரு வரி எழுதினீகன்னா பட்டுப்போயிரும்."

கணக்கப்பிள்ளை: "மனுசனுக்கே சாகுமுன்ன சர்ட்டிபிகேட் வாங்கலாம். மரத்துக்கு என்ன?"

முடியாது என்றேன். திரும்பும்போது ஆனைக்குட்டம் விலக்கில், சாலை பிரியும் இடத்தில், ஞானராஜ்: "பெரிய ஆர்டர் மாப்ளே. வருசம் பூரா வேலை குடுப்பாரு."

மார்ச் 14, வியாழன்

ஞானராஜ் காலையிலேயே வந்தான். அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவனுக்கு இட்லி வைத்தாள்.

"நீ சொன்னதுதாம்லே சரி. பச்ச மரத்த விட்டுருவோம். அங்கனயே ரெண்டு பர்லாங்கு தள்ளி நாப்பத்தொண்ணு நிக்கி, அதுவும் வேம்பு. செத்துக் கெடக்கு. விறகுக்குக் கேக்காக. அத எழுது."

சந்தோஷம். ஏன் இவ்வளவு என்று தெரியவில்லை. ஒருவன் நம் பக்கம் நிற்பது.

போய்ப் பார்த்தோம். மரச்சுத்தியலால் தட்டினேன்: பொந்துச் சத்தம். பட்டை கையோடு வந்தது, உள்ளே கறையான். ஒரு இலை இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: எண் 41. வேம்பு. முற்றிலும் பட்டது. காற்றில் விழும் அபாயம்.

படிவத்தில் மைல்கல் விவரம் கேட்கும் இடம். கல் எங்கோ பின்னால். வெயில் மண்டையைப் பிளந்தது.

"நீ கெளம்புலே, மூஞ்சி செவந்துபோச்சு. கல்ல நான் பாத்து எழுதிக்கிடுதேன்."

அந்த இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 23, சனி

நூலகம். பத்திரிகைகள் பழையவை. ஒரு கதை தொடங்கி, மூன்று வரியில் நின்றது. பல்வலி.

வாங்க: மை, சைக்கிள் வால்வு, அம்மாவுக்குத் தைலம்.

ஏப்ரல் 6, சனி

41-க்கு அனுமதி வந்துவிட்டது. ஞானராஜ் அபிநயித்துக் காட்டினான்: ஓவர்சீயர் ஜீப்பை விட்டு இறங்கவில்லையாம், கண்ணாடியைத் துடைத்து, நம்பரை மட்டும் பார்த்து, "கரெக்ட்" என்றாராம். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"என்னைக்கு வெட்டுத?"

"ஆள் தோதுப்படணும்."

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஒவ்வொரு பிரசங்கம். மின்விசிறி ஓடவில்லை. ஞானராஜ் வழக்கமாக உட்காரும் இடம் காலி. "எங்கல அவன்? காய்ச்சலா?" என்றாள் அம்மா, பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால். தெரியாது என்றேன். ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

41 விழுந்த இடத்தைப் பார்க்கலாம் என்று போனேன். சும்மா.

விழவில்லை. செத்த வேம்பு அப்படியே நிற்கிறது. வெள்ளைப் பட்டை புதிது. அதில் தாரில் 44. இரண்டு நான்குக்கும் கால் வளைந்திருந்தது. அப்படி எழுதி ஐந்தாம் வகுப்பில் அடி வாங்கியவன் ஒருவன்தான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கம்பெனி வாசலுக்கு எப்படி சைக்கிளை மிதித்தேன் என்று நினைவில்லை.

பச்சை வேம்பு நின்ற இடத்தில் அடிக்கட்டை. வெட்டுவாய் ஈரம், எறும்பு. பக்கத்தில் அடிமரத் துண்டு, வெள்ளைப் பட்டையோடு கிடந்தது. 41. சுற்றி வேப்பம்பூ, மிதிபட்டு.

முன்பு தொட்டில் ஆட்டிய பெண், பெயர் பேச்சியம்மாள், தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். "நீங்கதான் பட்ட மரம்னு எழுதிக் குடுத்தீகளாமே. கணக்கப்பிள்ள சொன்னாரு." கோபமாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "படிச்சவுகளுக்கு எங்க கண்ணுக்குத் தெரியாதது தெரியுமோ என்னமோ. நாங்க பூவத்தான் பாத்தோம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெட்டினார்களாம். நான் மூன்று மணி நேரம் எங்கும் நகர மாட்டேன் என்று தெரிந்த நாள்.

பஜார் டீக்கடையில் ஞானராஜைப் பிடித்தேன். வடை தின்றுகொண்டிருந்தான். நக இடுக்கில் பழைய தார்.

"ஏன்டா?"

"கத்தாதலே, ஆளுக பாக்காக. நீ எழுதுனதுல ஒரு பொய் உண்டா? அம்புட்டும் நெசம். நம்பரத்தான் நான் மாத்துனேன், நீ விட்ட எடத்துல வாசலுக்குக் கிட்ட உள்ள கல்லப் போட்டேன். உன் கையில தார் ஒட்டலைல்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா எழுதியிருப்பியா?"

மாட்டேன் என்றேன்.

"அதான். உன் மனசும் நோகக் கூடாது, வேலையும் நடக்கணும். எம்புட்டு யோசிச்சேன் தெரியுமா?"

உண்மையாகவே சொன்னான். எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டவன் முகம். என் நேர்மையை அவன் எனக்காகப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருக்கிறான், சின்னப் பிள்ளை கைக்கு எட்டாமல் அரிவாளை வைப்பதுபோல.

முதலாளி மேல் இந்த அளவு கோபம் வரவில்லை. அவர் கேட்டார், முகத்துக்கு நேரே. எனக்கு இப்போது வலிப்பது மார்ச் 14-ஆம் தேதியின் சந்தோஷம். அதைத் திரும்பக் கொடுத்துவிட முடியவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

தூக்கம் இல்லை. காற்று இல்லை. மறுபடி தாயில்பட்டி.

வாசலில் லாரி, லோடு ஏறிக்கொண்டிருந்தது. தொட்டில் கிளைகள் போய்விட்டன. நிழல் என்று அங்கே ஒன்றுதான்: லாரிக்கு அடியில். சாக்கு விரித்து ஐந்து பிள்ளைகள். ஒன்று விழித்துக்கொண்டு பின்சக்கரத்து மண்ணை நோண்டியது.

டிரைவரிடம் கேட்டேன். "கெளம்புமுன்ன மூணு தடவ ஆரன் அடிப்பேன் சார். தாய்மாருக ஓடியாந்து எடுத்துருவாக."

"எப்பவும் கேட்குமா?"

"இதுவரைக்கும் கேட்டிருக்கு."

வண்டியை நகர்த்தாமல் ஹாரன் மட்டும் அடிக்கச் சொன்னேன். அவர் அடித்தார். மூன்று தடவை. நால்வர் ஓடிவந்து வாரிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் கிடந்தது. அதன் தாய் கடைசி ஷெட்டில். அங்கே சத்தம் எட்டவில்லை. நான்தான் குனிந்து எடுத்தேன். முதுகில் மண், சூடு. அழவில்லை. என் பேனாவைப் பிடித்து இழுத்தது.

மைல்கல்லைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கே பார்த்து எழுதியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். 41 எது, 44 எது, எந்தக் கல்லுக்கு எத்தனை பர்லாங்கில் எது நின்றது. எண்ணை மாற்றியவன் பெயர். மைல்கல் இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவன் பெயர். வாசலில் நிழலுக்குக் கொட்டகை போட உத்தரவு கேட்டு ஒரு பத்தி. இனி என் அறிக்கையை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள். அவனுக்கு என்ன ஆகும் என்பதை யோசித்தேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

அம்மா இன்னும் அறியாள். உள்ளே மீன் பொரிக்கிற வாசம்.

வாசலில் சைக்கிள் மணி. "அத்தே, சோறு இருக்கா?" எப்போதும் போல அதே குரல். செருப்பைக் கழற்றுகிறான்.

மனு மேசை மேல் விரித்தபடி. மை காயவில்லை. நான் அதை மூடி வைக்கவில்லை.