அண்ணன் படித்த நாவல்

31-7-1996, புதன்

என் வாடகை நூலகத்தில் இந்த மாதம் ஓயாமல் சுற்றுவது ஒரு கோர்ட் நாவல்தான். பேராசை பிடித்த அண்ணன் ஒருவன் தங்கையை நோம்பிப் பண்டிகைக்கு அழைக்கிறான். விருந்து போட்டு, குடும்பப் பூமியில் அவளுக்குள்ள பங்கை விட்டுத்தருவதாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறான். நர்ஸம்மா ஒரே மூச்சில் படித்தாராம். கணக்கு வாத்தியார் சுத்தக் குப்பை என்று மேசையில் போட்டார்.

காலையில் கிணத்துக்கடவு பழனிசாமி அதைத் திருப்பித் தர வந்தார். "கதை நல்லாருக்குதுங்க. முடிவுதான் சரியில்லீங்க. சாட்சிக்கு வெளியாளைக் கூப்புடாம இருந்தா அவன் மாட்டியே இருக்க மாட்டானுங்க" என்றார். இதுவும் ஒரு விமர்சனம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை சரசு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆடி நோம்பிக்கு அண்ணன் கூப்புட்டிருக்காருங்க்கா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல இதுதான் மொதல் தடவை. நாளைக்கு பஸ்ஸுல படிக்க ஒரு புக்கு குடுங்க."

காலையில் பழனிசாமி சொன்ன விமர்சனம் ஞாபகம் வந்தது. வெறும் சந்தேகத்தை வைத்து எதைச் சொல்வது? அந்த நாவலையே எடுத்து நீட்டினேன். "அண்ணன் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுரு கண்ணு" என்றேன்.

அட்டையைப் பார்த்தாள். "கோர்ட்டுக் கதையாங்க? நல்ல நாளும் அதுவுமா வேண்டாங்க்கா." சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனாள். அண்ணனுக்குப் புதிதாக ஏதாவது செய்து போட வேண்டுமாம்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்தான். போய் என்னவென்று சொல்வது? உன் அண்ணன் ஒரு நாவலுக்கு விமர்சனம் சொன்னார் என்றா?