எட்டாம் எண் மெஷினில் துடைக்கப்பட்ட குறி

அனுப்புநர்:
திருமதி பி. லூர்தம்மாள்,
க/பெ. பிரகாசம்,
ஜூஜுவாடி, ஓசூர் வட்டம்,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
ஓசூர்.

பொருள்: பிரஸ் மெஷின் விபத்தில் என் கணவர் மேல் பழி சுமத்தப்படுவது – வரும் திங்கட்கிழமைக்கு முன் நேரில் விசாரிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பிரகாசம், சிப்காட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் (பெயர், முகவரி தனித்தாளில்) ஒன்பது வருடமாகப் பிரஸ் ஆபரேட்டர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மேற்கொண்டு கற்றதெல்லாம் பங்குக் கோயில் நூலகத்திலும் ஓர் அகராதியிலும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தேதியிலும் நேரத்திலும் பிழை இராது. ஷிப்டுக்குத் தக்கபடி சமைக்க வேண்டியிருப்பதால், அவர் போவதும் வருவதும், வேலையில் நடந்ததாகச் சொல்வதும் என் கணக்கு நோட்டில் அன்றன்றே ஏறிவிடும்.

2. அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் கலந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க முடியாது. ஆகவே மெஷினில் கோளாறு என்றால் முன்பக்கத்தில் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போடுவார்கள். பழுது பார்க்கும் பிட்டர் வந்து சரிசெய்து, தன் கையால் அதை அழிக்கும் வரை எவரும் தொடுவதில்லை. ஷிப்டு மாறும்போது இரண்டு ஆபரேட்டர்களும் பத்து நிமிடம் மெஷின் அருகே நின்று பேசுவதும் உண்டு. சென்ற ஜூலையில் வந்த புது மேனேஜர் இரண்டையும் நிறுத்தினார். குறி அசிங்கமாம், பேச்சு நேர விரயமாம். இனிப் பச்சைப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அது கோளாறு. படிவம் சூப்பர்வைசர் பாஸ்கரன் அவர்களின் அலமாரியில் இருக்கும்.

3. 29-10-1986 புதன்கிழமை, முதல் ஷிப்டு. எட்டாம் எண் மெஷினில், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அச்சு தானாக இன்னொரு முறை இறங்கியது. பகல் ஒன்றரைக்கு என் கணவர் பாஸ்கரனிடம் சொல்லிப் படிவம் கேட்டார். "படிவம் தீந்துபோச்சுப்பா. நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றாராம். என் கணவருக்கு மனம் கேட்கவில்லை. தடை என்று தெரிந்தும் குறியைப் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு வெளியே வந்தார். மறுநாள் வெளியூரிலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதால் எல்லா மெஷினையும் துடைக்கும்படி உத்தரவாகியிருந்தது. குறியும் போயிற்று. இரண்டாம் ஷிப்டுக்கு வந்த கங்கப்பன், சுத்தமாக இருந்த மெஷினை ஓட்டினார். மூன்றரை மணிக்கு அவர் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

4. ஒன்றை மறைத்து எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை. என் கணவர் கேட்டில் கால்மணி நேரம் நின்று, கங்கப்பனைக் கூப்பிடச் சொல்லி, வாயாலேயே சொல்லியிருக்கலாம். அன்று எங்கள் வீட்டில் ஜெபமாலை வழிபாடு. எங்கும் நிற்காமல் நேராக வாருங்கள் என்று சொல்லியனுப்பியவள் நான். ஆஸ்பத்திரியில் கங்கப்பன் மனைவி முனிலட்சுமி, "உங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கை இருந்திருக்குமே அக்கா" என்றார். கங்கப்பன்தான், "சும்மா இரு. குறி இருந்திருந்தா நான் தொடுவனா? அவரு போடாம போற ஆளு இல்ல" என்றார்.

5. 3-11-1986 அன்று என் கணவரை சஸ்பெண்ட் செய்து ஆங்கிலத்தில் மெமோ கொடுத்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். குற்றச்சாட்டு ஒன்று: கோளாறை எவருக்கும் தெரிவிக்காமல் சென்றார். குற்றச்சாட்டு இரண்டு: தடையை மீறி எட்டாம் எண் மெஷினில் கோளாறுக் குறி போட்டார். ஐயா, இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் மேல் இருக்கின்றன. குறி போட்டவர் எப்படித் தெரிவிக்காதவர் ஆவார்?

6. இதே மேனேஜர் ஆகஸ்டில் நிர்வாகம், தகவல் தொடர்பு என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தி, தமிழில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார். நான் முழுதும் படித்தேன். நல்ல புத்தகம். சொல்லிவிட்டதால் மட்டும் தகவல் போய்ச் சேர்ந்ததாகாது, கேட்டவரிடமிருந்து பதில் வந்த பிறகே அது முடிகிறது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. தொழிலாளிகள் அதைப் படிக்காமலேயே செய்துவந்தார்கள். குறி போடுவது தகவல்; பிட்டர் அழிப்பது பதில். பதில் சொல்ல வேண்டியவர் வராமலே துணியால் துடைத்ததுதான் நடந்தது.

7. கடந்த செவ்வாயன்று பாஸ்கரன் எங்கள் வீட்டுக்கு வந்து, தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தந்தார். முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டாவதை மேனேஜர் பெரிய மனதோடு விட்டுவிடுவாராம். திங்கள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து, உடனே வேலை. "பேப்பர்ல இருக்கறதுதான் நடந்தது. பிரகாசத்தைப் போடச் சொல்லுங்கம்மா" என்றார். அவர்கள் விட்டுவிடுவது எதை என்று தாங்கள் கவனிக்க வேண்டும். குறி போட்டார் என்ற அந்த வரி போய்விட்டால், அவர் எச்சரித்ததற்கு வேறு எழுத்து எங்கும் இல்லை. கங்கப்பன் கையைப் போக்கியவர் என் கணவர் என்பதே நிலைக்கும். அவரோ, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

8. எட்டாம் எண் மெஷின் ஆறாம் தேதி முதல் மறுபடி ஓடுகிறது. என்ன சரிசெய்தார்கள் என்று இப்போது அதில் நிற்பவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கப் பயப்படுகிறார்.

ஆகவே, திங்கள் பத்து மணிக்கு முன் தாங்கள் நேரில் வந்து அந்த மெஷினை நிறுத்திச் சோதிக்கவும், பாஸ்கரனையும் மெஷினைத் துடைத்தவரையும் தனித்தனியே விசாரிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மெமோவின் நகலை அல்ல, அசலையே இணைத்துள்ளேன். வீட்டில் இருந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். என் கணவருக்குத் தெரியாமல்தான் எடுத்து வந்தேன். அவர் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன். தாங்கள் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதித் தந்தால் போதும், அதைக் காட்டி அவர் கையைத் தடுத்துவிடுவேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பி. லூர்தம்மாள்

இடம்: ஓசூர்
நாள்: 14-11-1986, வெள்ளி

இணைப்பு: கம்பெனியின் பெயர், முகவரி (தனித்தாள்); மெமோ (அசல்); கையெழுத்திடாத மன்னிப்புக் கடிதம்; கணக்கு நோட்டின் 29-10-1986 பக்கம்.

நான்காம் பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சரியே.
கங்கப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை.
(கையெழுத்துப் போடத் தெரிந்தவர். வலது கையில் கட்டு இருப்பதால் ரேகை வைத்துள்ளார்.)