‘பழுது’ என்று எழுதிய கதவு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே “சரி, அம்மாகிட்ட குடு” என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது, முழுசாகப் படித்தே ஆக வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

போனை எடுத்ததும் “சாப்பிட்டியா?” என்று கேட்பீர்களே, அதற்குப் பதில்: சாப்பிடுவது நானா, இல்லை என் குடல் என்னைச் சாப்பிடுகிறதா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்ததும் சொல்கிறேன்.

இப்போது செய்தி. என்னுடைய பெருங்குடல் அழற்சி வெளியே தெரியாவிட்டாலும் அதுவும் ஊனத்தில் சேர்த்திதானாம். குடல் டாக்டர் சொன்னார். விண்ணப்பித்து ஒரு நேர்காணலில் தேறினால் அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும், ஊசிச் செலவு அதிலேயே அடங்கிவிடும். அம்மா உருகிப்போய், “என் வயித்துல பால வார்த்தீங்க டாக்டர்” என்றாள். “எனக்கு வார்த்துடாதீங்க, பால் எனக்கு ஆகாது” என்றேன். தையல்காரி கை எப்போதும் ஊசி மாதிரி, தொடையில் சுருக்கென்று கிள்ளிவிட்டாள்.

உதவித்தொகை வந்துவிட்டால் நீங்கள் அந்த ஐஸ் கிடங்கில் மறுபடி ஒப்பந்தக் கையெழுத்துப் போட வேண்டாம், இல்லையா? மே மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றீர்களே. பெட்டியைத் துடைத்து வையுங்கள்.

பள்ளிச் செய்தி ஒன்று. மாடியில் கடைசிக் கழிவறைக் கதவில் ‘பழுது’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். சிவப்பு மை, கீழே யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்து. ஒருத்தியும் பக்கத்தில் வருவதில்லை. பள்ளியிலேயே சுத்தமான கழிவறை இப்போது என் சொந்தச் சொத்து. நேற்று குழாய்க்காரர் வந்து அரை மணி நேரம் குடைந்துவிட்டு, “என்ன பழுதுன்னே தெரியலையே” என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

இப்படிக்கு,
தலைக்கனம் இல்லாத
வாலு

மார்ச் 19

என் அருமை வாலுக்கு,

சாப்பிட்டியா? இங்கே நான் நலம். கிடங்குக்குள் மைனஸ் பதினெட்டு. நலமாக இல்லாவிட்டாலும் கெட்டுப்போக மாட்டேன்.

உன் பலகைக் கதையை உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னேன். ஆறு பேர் வாய்விட்டுச் சிரித்ததில் வாயிலிருந்து வந்த ஆவியைப் பார்த்துவிட்டு, நாங்கள் சிகரெட் பிடிக்கிறோம் என்று மேற்பார்வையாளர் ஓடி வந்துவிட்டார். “யாருய்யா அந்தப் பொண்ணு?” என்று இப்போது அவரும் கேட்கிறார்.

நேர்காணலுக்குப் போகும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகாதே. நான் பார்க்காத ஆபீஸ் இல்லை. அழுகிறவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நீ உன் மாதிரியே போ. சிரித்த முகத்துக்குக் கதவு தானாகத் திறக்கும்.

மேற்பார்வையாளர் இரண்டு தாள் கொடுத்திருக்கிறார். ஊருக்குப் போகிறவர்களுக்குப் பச்சை, இருக்கிறவர்களுக்கு மஞ்சள். பச்சையில் என் பெயரை எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

உன் அம்மாவுக்கு என் மேல் என்ன கோபம்? போனில் ‘ம்’ ஒன்றையே நாலு விதமாகச் சொல்கிறாள். இரண்டுக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியும். அவளிடம் விசாரித்து எழுது.

உன்
உறைந்த அப்பா

ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே முழுக் கடையடைப்பு. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது, சின்னப் பிள்ளைக் கணக்கு. “எதுக்குடி இந்தப் பட்டினி? எப்பவும் இருக்கற மாதிரியே போயேன்” என்றாள் அம்மா. “அங்க போய் நடுவுல எழுந்து ஓடினா மானம் போயிடும்மா” என்றேன். அவளே தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கன்னம் ரொம்ப வெளிறியிருந்ததால் கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு மேடம். முதல் ஐந்து நிமிடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். “தொலைவு நடக்க முடியுமா?” என்று கேட்டார்.

“ஓடவே முடியும் மேடம். எந்தக் கதவுன்னு மட்டும் காட்டிட்டீங்கன்னா போதும்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எப்பவும் இப்படித்தான் பேசுவியாம்மா?”

“வாய்ல ஒரு கோளாறும் இல்ல மேடம். கோளாறு அடுத்த முனையில.”

அதன்பிறகு கேட்க வேண்டுமா! பலகைக் கதையைச் சொன்னபோது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பினார். நீங்கள் சொன்னது சரிதான் அப்பா, கதவு தானாகத் திறந்தது.

அம்மா பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பிடித்துக்கொண்டாள். அதை விடுங்கள். பச்சைத் தாளுக்குப் பேனா இருக்கிறதா, அனுப்பட்டுமா?

வெற்றிவாகை சூடிய
வாலு

மே 3

அப்பா,

நிராகரித்துவிட்டார்கள். காரணத்தை அப்படியே எழுதுகிறேன்.

“விண்ணப்பதாரர் உற்சாகமாக உரையாடினார். ஒரு மணி நேர நேர்காணலில் ஒருமுறைகூட எழுந்து செல்லவில்லை. தன்னால் ஓட முடியும் என்று அவரே தெரிவித்தார். பள்ளியில் அவருக்கெனத் தனிக் கழிவறை உள்ளது.”

கடைசி வரி நன்றாக இருக்கிறது, இல்லையா? மேடம் மேல் தப்பில்லை. எல்லாம் நான் சொன்னதுதான்.

மேல்முறையீடு செய்யலாமாம். ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் எழுதச் சொன்னார் குடல் டாக்டர். “சிரிக்க வெச்சது போதும்டி” என்றாள் அம்மா. எழுதினேன். நகலைக் கீழே எழுதியிருக்கிறேன். ஜோக் எங்கே என்று தேடாதீர்கள்.

*மேல்முறையீட்டுக் குழுவுக்கு. காலையில் விழித்ததும் முதலில் படுக்கையைத் தொட்டுப் பார்ப்பேன். நனைந்திருந்தால் அம்மா எழுவதற்குள் விரிப்பை மாற்றிவிடுவேன். பள்ளி நாட்களில் காலையில் சாப்பிடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கதவருகில்தான் நிற்பேன். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் உள்ளே விடுவார் என்று எனக்குத் தெரியும். பையில் எப்போதும் ஒரு மாற்றுடை இருக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் கணக்கு வகுப்பில் அடக்க முடியாமல் போய்விட்டது. மணி அடித்து எல்லோரும் போகும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மறுநாள்தான் அந்தப் பலகையைச் செய்தேன். அது விளையாட்டு அல்ல. ரத்தம் போகும் நாட்களில் வீட்டில் சொல்வதில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம் முதல் நான் எதுவும் சாப்பிடவில்லை. அங்கே சிரித்தேன். நான் சிரித்தால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.*

இவ்வளவுதான் அப்பா.

வாலு

மே 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். பிறகு சாப்பிடவில்லை.

உனக்கு வயிறு சரியில்லை என்று தெரியும். இப்படி என்று தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. விரிப்புகளைத் துவைக்கிறவள் அவள்தானே. எனக்குப் புரியாமல் இருந்த இரண்டு ‘ம்’முக்கும் இப்போது அர்த்தம் புரிகிறது.

மேற்பார்வையாளர் இன்றைக்குக்கூட, “உங்க பொண்ணு புதுசா என்ன பண்ணிச்சு?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை சார் என்றேன்.

மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம். மேல்முறையீடு எப்போது முடியும், என்ன சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்களை நம்பி உன் ஊசியை நிறுத்த முடியாது. நீ எழுதியதைப் படித்த பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கோபப்படாதே.

இனிமேல் எனக்கும் அப்படியே எழுது. சாப்பிட்டியா என்று நான் சும்மா கேட்கவில்லை.

அப்பா

ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உதவித்தொகை கிடைத்துவிட்டது. என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நான் எழுதியதையும் டாக்டர் எழுதியதையும் படித்துவிட்டு நாலு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த நாலு வரியில் நான் உற்சாகமாக இல்லை.

மஞ்சள் தாளைத் திருப்பி வாங்க முடியுமா என்று அம்மா போனில் கேட்டாளாம். முடியாது என்றீர்களாம். அம்மா ‘ம்’ என்றாள். அது ஐந்தாவது விதம். பக்கத்தில் இருந்து கேட்டேன்.

எழுதியதைக் குழுவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, உங்களுக்கு நகல் எழுதாமல் இருந்திருந்தால் பச்சைத் தாள்தான் போயிருக்கும். சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தபோது அது தோன்றியது. கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பொத்தானைத் தைத்து முடித்தேன்.

பள்ளியில் ஆசிரியர்கள் கழிவறைக்கு எனக்கு ஒரு சாவி கொடுத்துவிட்டார்கள். அதனால் பலகையைக் கழற்றினேன். எல்லோரும் உள்ளே போனார்கள். இரண்டே நாளில் அது நிஜமாகவே பழுதாகிவிட்டது. குழாய்க்காரர் வந்து பார்த்து, “நான் அப்பவே நெனச்சேன்” என்றாராம். இது நான் கட்டிய கதை இல்லை, நடந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லலாம்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில்.

காலையில் சாப்பிடவில்லை. மத்தியானம் கொஞ்சம் சோறு, பாதியில் எழுந்துவிட்டேன். இரவு சாப்பிட்டேன், வயிற்றில் நின்றது. நேற்று ரத்தம் போனது. அம்மாவிடம் சொன்னேன். இன்று இல்லை.

நீங்கள் சாப்பிட்டீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மகள்