வீட்டிலிருந்தே வந்த புண்

அன்புள்ள அண்ணா,

எண்ணெய்க் கிணற்று முகாமில் உனக்கு ஃபோன் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன்.

இங்கே என்னோடு பேசுவது நர்ஸ் லோர்னா அக்கா மட்டும்தான். "வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்று சீண்டுவார். தன் சோள ரொட்டியில் பாதியைத் தருவார்.

அம்மாவின் அடிமுதுகில் படுக்கைப்புண். சேர்த்த அன்று, புண் ஏதாவது உண்டா என்று அக்கா கேட்டபோது இல்லை என்றேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தானே பள்ளியை விட்டேன், வெட்கமாக இருந்தது. அவர் என்னை நம்பி அப்படியே எழுதிக்கொண்டார்.

நேற்று பில் பிரிவுப் பெண் வந்தார். வீட்டிலிருந்தே வந்த புண் என்றால் காப்பீட்டில் இது சிக்கலான கேஸ், ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் வரும். இங்கே வந்தது என்றால் அது வராது, பழி நர்ஸுக்கு.

"நீ அவங்கள அப்பப்போ திருப்பிப் படுக்க வைக்கல லோர்னா, அதான் புண்ணு" என்றார் அவர்.

"வீட்டுலயே இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

இன்று ரொட்டி வரவில்லை. அம்மாவைத் திருப்பும்போது மட்டும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "இத ஒரு ஆளா செய்ய முடியாதுடி, ரெண்டு பேர் வேணும்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் ஒரு ஆள்தான், அண்ணா.

உன் தங்கை