கடைசி இருபது வினாடி

இன்று காலை தீவன அறையைத் திறந்ததும் மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். மூட்டைகளுக்கு மேலிருந்த உன் கேசட்டைக் கையில் எடுத்தேன். நீ இறந்து நான்கு மாதமாகிறது.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், இரண்டு வருடம் கழித்து நீ எருமப்பட்டிக்குத் திரும்பியபோது எல்லோரும் செண்டு பாட்டிலை எதிர்பார்த்தார்கள். நீ கொண்டுவந்தது இந்த ஒரு கேசட். அங்கே பிரெஞ்சு பேசும் மெக்கானிக் ஒருவன் கொடுத்தானாம். பிரான்சில் மூன்று பேர் கார் ஷெட்டுக்குள் கிடாரும் டிரம்முமாகக் கத்திப் பதிந்த பங்க் பாட்டுகள். ஒரே ஓர் இசைத்தட்டு போட்டார்கள், யாரும் சீண்டவில்லை. கேசட்டின் மேல் பெயர்கூட இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டி வளர்ந்த நீ, "அவனுங்களும் பட்டறைப் பசங்கதான் மாப்ள" என்றாய்.

கோழிகள் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க எங்கள் கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டு நீ இதைப் போட்டாய். கோழிகள் கூண்டுக்குள் படபடக்க, அப்பா கத்திக்கொண்டு ஓடிவந்தார். நீயோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் தங்கை கல்யாணம். நம் பக்கத்தில் மணமக்களை வாழ்த்தி நீளமாகப் பாடுவார்களே, அதைப் பதிந்தே ஆக வேண்டும் என்றாள் அம்மா. வெற்றுக் கேசட் இல்லை. வெறும் கத்தல்தானே என்று உன் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் பதிந்துவிட்டேன். உனக்கு உயிரான பாட்டு அந்தப் பக்கத்தின் கடைசியில் இருந்தது. வாழ்த்து முடிந்த இடத்தில் அதன் கடைசி இருபது வினாடி மட்டும் மிஞ்சியது.

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "தங்கச்சி கல்யாணந்தானே, உடு" என்றாய். அதன்பின் எப்போது வந்தாலும் அந்த வாழ்த்து முழுவதையும் பொறுமையாகக் கேட்பாய். முடியப் போகும்போது கையை உயர்த்துவாய். "இரு மாப்ள, இப்ப வரும்."

பாட்டின் மீதியைத் தேடிச் சேலத்துக் கடைகளில் எல்லாம் வாயாலேயே பாடிக் காட்டினாய். சிரித்து அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் அந்த இருபது வினாடியை, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் தன் போனுக்குக் கேட்கவைத்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் எங்கே போகும் என்று நீதான் அவளைத் தேற்றினாய்.

இன்று மறுபடி கேட்கவைத்தாள். பெயர் வந்துவிட்டது. பிரான்சில் யாரோ அந்தப் பழைய இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, போன மாதம் மீண்டும் வெளியிட்டிருக்கிறார்கள். போன மாதம்! நான் அழித்தது முழுசாக என் உள்ளங்கையில் பாடுகிறது, கேட்க நீ இல்லை.

முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். நல்ல பாட்டுதான். ஆனாலும் மனம் நிறையவில்லை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு, கேசட்டின் இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்தேன். வாழ்த்து நீண்டுகொண்டே போனது. அவள் அலுத்துப்போய் எழுந்தாள்.

என் கை தானாக உயர்ந்தது. "இரு சாமி," என்றேன் மகளிடம், "இப்ப வரும்."