ஐந்தாவது பாட்டின் மௌனம்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

"பதிவ அழிச்சிடுக்கா, யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறாள் தங்கச்சி. அழிக்க மாட்டேன்.

ஹட்டன் பையன்கள் போட்ட ஆல்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் விமர்சனம் எழுதினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கியடியில் நின்று பாட்டுகளை போனில் இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து கேட்பதுதான் வழக்கம். ஐந்தாவது பாட்டில் தப்பு மேளத்தின் சத்தம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "இந்த மௌனம்தான் ஆல்பத்தின் சிகரம்" என்று ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்து தள்ளினேன்.

இன்று மத்தியானம் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாட்டைப் பாடிய ஹட்டன் தம்பியே எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, பாட்டு அங்க முடியலைங்க. அதுக்கப்புறம்தான் எங்கம்மா பாடுறாங்க. நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். 'நான் பாடுனது நல்லா இல்லையாடா'ன்னு கேட்டாங்க."

பாதி இறங்கிய பாட்டுக்கு எத்தனை அளப்பு!

சாயந்தரம் குடையோடு தாங்கியடியில் நின்று முழுசாக இறக்கி, அங்கேயே இரண்டு தடவை கேட்டேன். கொழுந்து பறிக்கிற அம்மா. குரல் பிசிறடிக்கிறது, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. பையன்கள் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

பழைய பதிவு அப்படியே கிடக்கட்டும், என் அவசரத்துக்குச் சாட்சியாக. அதன் தலையில் சேர்க்க ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். விடிந்ததும் மேலே ஏறி அதைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன்:

"நான் மௌனம் என்று புகழ்ந்த இடத்தில் ஓர் அம்மா பாடிக்கொண்டிருக்கிறார்."